காது மடங்கிய குதிரை

ஊர்ப் பூங்காவிலிருக்கும் குடை ராட்டினத்துக்கு வயது நூறு. அதில் கடைசி முப்பத்தொரு வருஷம் அதைக் கட்டி மேய்த்தவர் கிரீஸ்காரர். விரலிடுக்கில் எப்போதும் கிரீஸ் இருந்ததால் வந்த பெயர். பல்சக்கரம் தேய்ந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் மனைவி கூப்பிட்டால் மட்டும் மூன்றாவது தடவைதான் காது கேட்கும்.

மொத்தம் பன்னிரண்டு மரக்குதிரைகள். ஒரு புயலில் கிளை முறிந்து விழுந்து ஏழாவது குதிரை இரண்டாகப் பிளந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் ராட்டினத்தையே பூட்டிவிடுவார்கள் என்று பயந்தார். மழைக்குப் பூங்கா மூடிக்கிடந்த நாற்பது நாளில், மனைவியின் தேக்கு அலமாரியைப் பிரித்து, தானே ஒரு குதிரை செதுக்கி மாட்டினார். ஒரு காது மட்டும் மடங்கிப் போய்விட்டது. பிள்ளைகள் அந்தக் காதுக்காகவே அடித்துக்கொண்டு ஏறினார்கள். மனைவியின் சேலைகள் இன்றுவரை அட்டைப்பெட்டியில்தான் இருக்கின்றன.

நூற்றாண்டு விழாவுக்கு ராட்டினத்தின் வரலாற்றை எழுதும் வேலை வாத்தியாருக்கு வந்தது. வாத்தியார், மனைவியின் தம்பி. நோட்டும் கையுமாக வந்து குழைந்தார்.

"எங்கிட்ட என்ன ஒளிவு மறைவு அத்தான்? சத்தியமா எழுத மாட்டேன்."

இருபத்திரண்டு வருஷம் பொத்தி வைத்ததை மனுஷன் கொட்டிவிட்டார்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஏழாவது கம்பி மொட்டையாக நிற்கிறது. குதிரை கிடங்கில் கிடக்கிறது, கழுத்தில் 'போலி' என்று ஓர் அட்டை.

"விழாக் கமிட்டிக் கூட்டத்துல எல்லாமே அசல்தானான்னு கேட்டாங்க, சொல்லிட்டேன். எழுத மாட்டேன்னுதானே அத்தான் சொன்னேன்? எழுதலையே" என்றான் வாத்தியார். என்றார் என்று எழுதக் கை வரவில்லை.

சின்ன வயதில் இவனைத் தோளில் தூக்கிவந்து இதே ராட்டினத்தில் உட்காரவைத்தவர் அவர்.

குதிரையின் எடை போனதால் ராட்டினம் சாய்ந்து சாய்ந்து முனகியது. சரிசெய்ய அவரையே கூப்பிட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த முனகல் காதில் விழுந்தபிறகு கால் நகரவில்லை. குதிரையின் எடைக்கு எடை, இருபத்துமூன்று கிலோ மணலை மூட்டையாக்கி ஏழாவது கம்பியில் கட்டினார். முனகல் நின்றது.

"பரவால்லயே அத்தான், வித்தியாசமே தெரியல."

கிரீஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"குதிர போலி, சரி. மணல் மூட்ட அசலா, மாப்ள?"

அவனோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.