ஒரு நிமிட மார்க்கும் ஒரு கல்யாண வீடியோவும்

குளாய் என்கிற எங்கள் ஊரில் கணினிக் கடை வைத்திருப்பவனுக்குப் பொருளை விற்பது சுலபம். வாடிக்கையாளர் மனதில் ஏறிவிட்ட மார்க்கை இறக்குவதுதான் பெரும்பாடு. பெஞ்ச்மார்க் என்று ஒரு குட்டி நிரல் இருக்கிறது. ப்ராசசருக்கு ஒரு நிமிடம் கணக்குக் கொடுத்து, மார்க் போட்டுவிட்டுப் போய்விடும். அதை நம்பி வருகிறவர்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருக்கும் சக கடைக்காரர்களே, உங்களுக்குத்தான் இது.

ஒரே கணினி, இரண்டு மார்க்

மணியம் அண்ணன் பொந்தியான்காரர். சிங்கப்பூருக்கு வேன் ஓட்டுகிறார். மகளுக்கு மடிக்கணினி வாங்க வந்து, பெஞ்ச்மார்க்கை ஓட்டச் சொன்னார். நல்ல மார்க். உறுதி செய்துகொள்ள இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அதற்குள் கணினி பின்னால் எதையோ அப்டேட் செய்ய ஆரம்பித்துவிட்டது. மார்க் சரிந்தது.

பொருளை மாற்றிவிட்டேன் என்று சண்டைக்கே வந்துவிட்டார். கணினி அதேதான், பின்னால் வேறு வேலை ஓடினால் மார்க் குறையும் என்று பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"புரியுது தம்பி. ஆனா எனக்கு மொதல்ல ஓடுனதையே பேக் பண்ணுங்க."

ஜெயந்தியின் பயம்

ஜெயந்தி சிகாமட்டில் கல்யாண வீடியோ எடுப்பவர். காலையில் கோயிலில் கட்டிய தாலியை, அன்று இரவு விருந்திலேயே திரையில் காட்ட வேண்டும். இப்போது எல்லாரும் கேட்பது அதைத்தான். ஆறுமுகம் என்பவரின் மூத்த மகள் கல்யாணத்தில் ஜெயந்தியின் பழைய கணினி திணறி, விருந்து முடியும்வரை திரை வெறுமையாகவே இருந்ததாம். இப்போது இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். பெரிய மனது வைத்து அவரையே மறுபடி கூப்பிட்டிருந்தார். இதுவும் சொதப்பினால் சிகாமட்டில் ஜெயந்தியை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவர் மெலிசான ஒரு கணினியைக் காட்டினார். அதற்குத்தான் மார்க் அதிகம். நான் பக்கத்தில் இருந்த கனத்த கணினியை, தடியனை, காட்டினேன்.

"மார்க் கம்மியானத ஏண்ணே என் தலையில கட்டுறீங்க?"

ஏர்கோன் இல்லாத பந்தயம்

மார்க் பொய் சொல்லவில்லை. ஒரு நிமிட வேலைக்கு மெலிசுதான் கெட்டி. ஆனால் கல்யாண வீடியோ ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையா? ஜெயந்தி எடுத்த பழைய கல்யாணம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு கணினியிலும் ஏற்றி, வீடியோ தயாரிக்கும் வேலையை ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். மண்டபத்துப் பின்னறையில் குளுகுளு ஏர்கோன் இருக்காது என்பதால் கடை ஏர்கோனையும் அணைத்துவிட்டேன்.

முதலில் மெலிசு முந்தியது. ஜெயந்தி என்னைப் பார்த்த பார்வையில் கவுண்டருக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் அடிப்பக்கம் கொதித்தது. சூடு தாங்காமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. தடியன் இரண்டு விசிறியும் இரைய, எடுத்த வேகத்திலேயே போய் முதலில் முடித்தான். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதித்தும்விட்டேன். ஜெயந்தி மெலிசைத் தொட்டுப் பார்த்து வெடுக்கென்று கையை எடுத்தார்.

"அலமாக்! இது கல்யாணத்துக்கு முன்னாடியே மூச்சு வாங்குதே லா!"

சிகாமட் மண்டபம்

கல்யாணத்தன்று எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. என் பேச்சை நம்பித்தானே தடியனை வாங்கினார்? சிகாமட்டுக்குக் காரை விட்டேன். பின்னறையில் ஜெயந்தி வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறுமுகம் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அது திட்டுவதைவிட மோசம்.

மேசைக்குச் சூப் வருவதற்குள் வீடியோ தயார். விளக்கை அணைத்தார்கள். திரையில் காலையில் கட்டிய தாலி! மணப்பெண் அழுதுவிட்டாள், மண்டபமே கைதட்டியது. என் சொந்த மகள் கல்யாணம்போல நான்தான் அதிகமாகத் தட்டினேன். ஆறுமுகம் நேராக ஜெயந்தியிடம் வந்தார்.

"வீட்டுல இன்னும் ஒருத்தி இருக்காம்மா. அவளுக்கும் நீதான் வரணும், சொல்லிட்டேன்!"

இப்போதும் மார்க்கோடு வருகிறவர்களிடம் "உங்க வேலைய கொண்டு வாங்க, ஓட்டிப் பாத்துருவோம்" என்கிறேன். பாதிப் பேர் அந்த அலைச்சலுக்குப் பயந்தே நான் சொன்னதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.