நான்காவது வட்டம்

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா, அம்மா, நான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அது தோதான எண்ணிக்கை. படம் எடுக்க மட்டும் ஆகாது. மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆயுசு குறையும் என்பது திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துப் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் நடுவில் நிற்பது எப்போதும் நான்தான். அதனால் அம்மா இந்த விஷயத்தில் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

கேமரா வரும் வரைக்கும் இது ஒரு சிக்கலாகத் தெரியவில்லை. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா சோப்புப் பெட்டி அளவில் ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தார். அவருக்கு அது படியவில்லை. எடுத்த படத்திலெல்லாம் அவருடைய விரல் விழுந்திருந்தது. இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு, அதை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் கப்பலேறிவிட்டார். தெருவிலேயே கேமரா வைத்திருக்கும் ஒரே ஆள் பதினொரு வயதுப் பெண்ணான நான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பில் படம் எடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்தது. வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டேன். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரம் ஒரு படம் எடுத்துப் பழக வேண்டும் என்று அதில் இருந்தது. வெளிச்சம் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். படத்துக்குத் தேவையில்லாததை விளிம்புக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். இன்று என்னிடம் மூன்று லென்ஸ் இருக்கின்றன. துறைமுகத்துக் கிரேன்களையும் கன்டெய்னர் அடுக்குகளையும் கம்பெனிகளுக்காக எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். அந்தக் கட்டுரை சொன்னதற்கு மேல் பெரிதாக எதையும் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதற்கில்லை. ஃபிரேம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று என் வேலையைப் பாராட்டுவார்கள். அந்தச் சுத்தத்தை நான் யாரை வைத்துப் பழகினேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி என்று நேரம் குறித்தேன். அப்பா டிரெய்லர் ஓட்டுபவர். துறைமுகத்து கேட்டில் வரிசையில் நின்று நின்று, வாரத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் குளித்துச் சட்டை மாட்டி மனிதராகத் தெரிவார். கடல் பக்கமிருந்து வரும் வெயில் அந்த நேரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் நேராக விழும். கவிழ்த்த பிளாஸ்டிக் டிரம்மின் மேல் கேமராவை வைத்து, லென்ஸில் படிந்த உப்பை அப்பாவின் பழைய பனியன் துணியால் துடைத்து, டைமரை அமுக்கினால் சிவப்பு விளக்கு பத்து விநாடி கண் சிமிட்டும். அதற்குள் நான் ஓடிப்போய் நடுவில் நின்றுகொள்ள வேண்டும்.

முதல் வாரமே அம்மா மறித்துவிட்டாள்.

"மூணு பேராவா? இன்னா, வாய்க்கை வெறுத்துப் பூட்ச்சா? போய் அத்தைய இட்டா."

அத்தை என்றது எதிர் வீட்டுக்காரியை. சொந்தமில்லை. தெரு கொடுத்த உறவு. இறால் கம்பெனியில் தோலுரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டு தனியாக இருந்தாள். ஒரே மகள், ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு பையனோடு போய் கொருக்குப்பேட்டையில் குடித்தனம் வைத்துவிட்டாள். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் அன்றைக்கு நடுத்தெருவில் நின்று, செத்தாலும் உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று அத்தை கத்தியிருந்தாள். தெரு மொத்தமும் சாட்சி. மகளும் அம்மாவுக்குக் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை. அரை மணி நேரத் தூரம் அப்படியே ஆறு வருடமாகிவிட்டது.

நாலாவது ஆளாக நிற்க அத்தை ஒரு தடவையும் மறுத்ததில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து கூப்பிடவும் வேண்டியிருக்கவில்லை. ஏழே கால் மணிக்கே தலைவாரி, பவுடர் போட்டு, அரக்குச் சேலையை மடிப்பெடுத்துக் கட்டிக்கொண்டு தன் வாசலில் தயாராக நிற்பாள். அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து, அவள் தோளில் வலது கையைப் போட்டுக்கொள்வாள். கிளிக் சத்தம் கேட்டதும் என்னைப் பார்த்து ஒரே கேள்வி.

"நானும் வுயுந்தனா கண்ணு?"

"வுயுந்தே அத்தே."

முதல் வாரம் அது உண்மை. முழுதாக விழுந்திருந்தாள். அதுதான் எனக்குப் பிரச்சினை. அத்தை அம்மாவைவிட ஒரு தலை உயரம், நல்ல அகலம். அந்த அரக்குச் சேலை கண்ணை அந்தப் பக்கமே இழுத்தது. அப்பா, அம்மா, நான் என்று அளவாக அமைந்த ஒரு படத்தில் யாரோ வழிப்போக்கர் வந்து ஒட்டிக்கொண்டது போல இருந்தது. கட்டுரை சொன்ன மூன்றாவது விஷயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்து தரையில் நான்கு வட்டம் போட்டேன். அவரவர் வட்டத்தில் அவரவர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் படம் கெட்டுப்போகும் என்றேன். டைமர் வைத்து எடுப்பவள் முன்கூட்டியே இடம் குறிப்பதில் தப்பு சொல்ல ஆளில்லை. நான்காவது வட்டத்துக்கான இடத்தில் மட்டும் முந்தின நாளே குடத்தை வைத்து ஒத்திகை பார்த்திருந்தேன். அது ஃபிரேமின் விளிம்புக்கு ஒரு சாண் வெளியே இருந்தது. அத்தை வந்து அதற்குள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். கோட்டை மிதிக்காமல் நின்றாள்.

படத்தை அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"நாலாவது ஆளு எங்கடி?"

"இதோ கை கீதே."

அம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். தோளில் கை இருந்தது, மறுக்க முடியாது. "செரி, கீது" என்று திருப்பிக் கொடுத்தாள். அம்மாவின் சாமிகள் அவ்வளவு கறாரானவர்கள் இல்லை. கை ஒன்று இருந்தால் ஆள் ஒன்று என்று ஒப்புக்கொண்டார்கள். என் ஆயுசுக்கும் பங்கமில்லை, படத்துக்கும் பங்கமில்லை.

இப்படியே ஐந்து மாதம் போனது. வாரத்துக்கு வாரம் கை தேறிக்கொண்டே வந்தது. முதலில் அத்தையின் கை முழங்கை வரை தெரிந்தது. பிறகு மணிக்கட்டு வரை. ஒரு வாரம் நான்கு விரல்களோடு நிறுத்தினேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்லி மாளாது. என் வளர்ச்சியை அளக்க வேண்டுமென்றால் அத்தை எவ்வளவு குறைந்தாள் என்று பார்த்தால் போதும். மெமரி கார்டு நிறைந்தபோது, உருப்படாத படம் என்று முதல் வாரத்துப் படத்தைத்தான் முதலில் அழித்தேன்.

அத்தை ஒரு தடவையும் படத்தைக் காட்டச் சொன்னதில்லை. கிட்டத்தில் இருப்பது அவளுக்கு மங்கலாகத்தான் தெரியும், கேமராவின் திரையோ தீப்பெட்டி அளவு. வுயுந்தனா என்று கேட்பாள். வுயுந்தே என்று நான் சொல்வேன். விரல் விழுந்திருக்கிறதே, அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், சேலையில் இறால் வாடை. முகம் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கொருக்குப்பேட்டைப் பக்கம் மீன் விற்கப் போகும் கூடைக்காரம்மா மகளைப் பார்த்திருக்கிறாள். மகளுக்கு மூன்று வயதில் ஒரு குழந்தை. எல்லாருக்கும் ஆயா கீது, என் ஆயா எங்க என்று அது கேட்கிறதாம். அம்மா படம் ஒன்று இருந்தால் வாங்கி வா, பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆறு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

"நான் அங்க போவ முடியாது. வாய வுட்டுட்டேன்" என்றாள் அத்தை. "படம் போவலாம்ல?"

அவள் வீட்டில் படமே கிடையாது. ரேஷன் கார்டில் இருந்தது மைக்கறை மாதிரி இருக்கும். ஆனால் அத்தைக்கு அதில் கவலை இல்லை.

"அதான் வாரா வாரம் நின்னுக்கீறேனே. சிரிச்சாப்ல கீறது ஒண்ணு பாத்துக் குடு கண்ணு."

கழிவறைக்குப் போவது போல எழுந்திருக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். முந்தின வாரம்தான் எல்லாப் படங்களையும் டோல்கேட்டில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து பிரிண்ட் போட்டு வாங்கியிருந்தோம். அந்த உறையை எடுத்து, தன் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்து அத்தையிடம் கொடுத்தாள். கையையே ஆளாக எண்ணிப் பழகிவிட்ட அம்மாவுக்கு அந்த நிமிடத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

அத்தை டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் விரலைத் தொட்டுக் காட்டினேன். இரண்டாவது படத்துக்கும் கேட்டாள், காட்டினேன். மூன்றாவதிலிருந்து கேட்கவில்லை. எல்லாவற்றையும் கடைசி வரை பார்த்தாள். பிறகு முதலிலிருந்து ஒரு தடவை. யாராவது என்னைத் திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. யாரும் திட்டவில்லை.

அப்பாதான் பேசினார். "இன்னா இப்போ? கேமராதான் கீதே. புச்சா ஒண்ணு எடுத்துட்டாப் போவுது."

எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் கேமராவை எடுத்து வந்து ஃபிளாஷைத் தட்டினேன். ஒரே ஆள், நேராக நிறுத்தி, நடுவில் வைத்து எடுத்துவிடலாம். அத்தை கையை உயர்த்தித் தடுத்தாள்.

"வேணாம்மா. மூஞ்சி இப்ப நல்லா இல்ல."

உறைக்குள் மறுபடி துழாவி ஒரு படத்தை உருவினாள். அப்பா, அம்மா, நான். அம்மாவின் தோளில் மணிக்கட்டு வரை ஒரு கை. இறால் உரித்து உரித்துக் கறுத்துச் செத்துப்போன கட்டைவிரல் நகம் வரை துல்லியமாக விழுந்திருந்தது.

"இது இருக்கட்டும்."

"அதுல உன் மூஞ்சியே இல்லியே அண்ணி" என்றாள் அம்மா.

"கை கீதே. இந்தக் கையால எம் பொண்ணு எம்மாம் அடி வாங்கிக்கீறா. தெரியாம பூடுமா?"

அப்பா சிரித்தார். நானும் நிம்மதியில் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அத்தை படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். கூடைக்காரம்மா வழியாக அது கொருக்குப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு மகள் குழந்தையோடு வந்தாள். தெருவும் கொஞ்ச நாள் பேசிவிட்டு ஓய்ந்தது.

அன்று இரவு நோட்டில் ஒரு வரி எழுதினேன். "என் படத்தை முதல்முதலாக ஒரு வெளியாள் கேட்டு வாங்கிப் போனார்." அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. வெளியாள் என்ற சொல்லை இப்போது பார்த்தாலும் உடம்பு கூசுகிறது. அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அத்தனை படத்திலும் அத்தை எடுத்துக்கொண்டதுதான் உண்மையிலேயே சிறந்த படம். வெயில் சரியாக விழுந்திருந்தது, விளிம்பு கச்சிதமாக இருந்தது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று நம்பினேன். அத்தைக்குக்கூட ரசனை இருக்கிறது என்று கொஞ்சம் வியந்தேன்.

மறுநாள் வட்டம் போடும்போது, என்ன இருந்தாலும் போகட்டும் என்று நான்காவதை நன்றாக உள்ளே தள்ளிப் போட்டேன். அத்தை வரவில்லை. எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஏழே முக்கால் வரை பார்த்துவிட்டு அம்மா முனைக்கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அவர் வட்டத்தையெல்லாம் மதிக்காமல் தொந்தியோடு நடுவில் வந்து நின்றார். படம் கெட்டுப்போன எரிச்சலில், அத்தை எங்கே போனாள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேலைக்குப் பூட்டிருப்பா" என்றாள் அம்மா.

அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரமும். நான் நம்பினேன். இறால் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.