மூலையை மடிக்கும் கோவிந்தராசு

முதல் விடைத்தாளின் வலது மூலையைக் கோவிந்தராசு மடித்தார். பெயர் மறைந்தது. நகத்தால் இரண்டு முறை அழுத்தி ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். நாற்பத்திரண்டு தாளுக்கு நாற்பத்திரண்டு கிளிப். சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியில் எதிரே உட்கார்ந்து நான் ஒரு தோசையை முடிப்பதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது. மடிக்கும்போது பெயர் கண்ணில் படக்கூடாது என்று தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் இவருக்குக் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன். இவரும் வாங்கித் தடவிக்கொண்டார். விளக்கம் சொல்ல நேரமில்லையாம்.

நானும் அவரும் ஒரே கல்லூரியில் வேலை பார்க்கிறோம். பாலர்பள்ளித் தமிழாசிரியர் ஆக வருகிறவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு. ஏஐ வந்த பிறகு வீட்டில் எழுதிவரும் கட்டுரைகள் எல்லாம் ஒரே ஆள் எழுதியது போல ஆகிவிட்டன. அதனால் மறுபடியும் வகுப்பிலேயே பேனாவால் எழுதவைக்கிறார்கள். எங்களுக்கும் மறுபடி கட்டுக் கட்டாகத் தாள். நான் ஒரு தாளுக்கு அரைமணி நேரம் எடுப்பேன். எழுதிய பிள்ளையின் முகம், அதன் வீட்டு நிலைமை எல்லாம் நினைவுக்கு வரும். அரை மதிப்பெண்ணைப் போட்டு, அழித்து, மறுபடி போடுவேன்.

"மேடம், நீங்க திருத்தல. கவலைப்படுறீங்க" என்பார் கோவிந்தராசு. எரிச்சலாக வரும். அவர் சொல்வது சரி என்பதால் கூடுதல் எரிச்சல்.

அவருக்கு ஒரு தாளின் ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம். பைக்குள் சமையல்காரர்கள் வைத்துக்கொள்ளும் டைமர் ஒன்று இருக்கிறது, தக்காளி வடிவத்தில். அதைத் திருகி மேசைமேல் வைப்பார். எல்லாத் தாளிலும் முதல் கேள்வியை மட்டும் திருத்துவார். பிறகு சீட்டுக்கட்டைப் போலத் தாள்களைக் கலைத்துப்போட்டு இரண்டாம் கேள்விக்குப் போவார். கலைக்காவிட்டால் மேலே இருப்பவனுக்கு எப்போதும் அடி விழுமாம். "முதல் அஞ்சு பேருக்கு நான் வில்லன், கடைசி அஞ்சு பேருக்கு வள்ளல். அதனால முதல் அஞ்சையும் கடைசியா இன்னொரு வாட்டி பாக்கணும் லா." பிரியாணி சாப்பிட்ட பிறகு அவர் திருத்துவதில்லை. ஒருமுறை அப்படித் திருத்தி, வகுப்புச் சராசரி நான்கு மதிப்பெண் ஏறிவிட்டதாம்.

ஓரிடத்தில் உட்காரவும் மாட்டார். ஐந்து தாள் ஆனதும் பாலும் சீனியும் போடாத தே ஓ கொசோங்கையும் தாள்களையும் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போவார். மதியத்துக்குள் தேக்காவின் மீன் கடைப்பக்கத்திலிருந்து கிளம்பி ஒரு சுற்று வந்துவிடுவார். உட்கார்ந்த இடத்திலும் வலது குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அவர் இருக்கும் மேசையில் என் காப்பி நடுங்கும். வீடு இருக்கும் பொங்கோலிலிருந்து வரும் ரயிலில்கூட, உட்கார இடம் இருந்தாலும், கதவுக்குக் கதவு நடப்பார் என்று அவர் மனைவி சுசீலா என்னிடம் சொல்லியிருக்கிறார். "மேடம், கல்யாண போட்டோவுலயும் அவர் மங்கலாத்தான் இருப்பார்."

தமிழ் எம்.ஏ. படித்தவர், முதலில் வேலை பார்த்தது ஒரு கப்பல் பட்டறையில். பூன் லே பக்கம் தங்கியிருந்து, பற்றவைத்த இடங்களைச் சோதிப்பவரோடு பதிவேடு தூக்கிக்கொண்டு நடந்தார். "அங்க யாரு வெல்டு பண்ணான்னு கேக்க மாட்டாங்க மேடம். லைட் அடிச்சு வெல்டை மட்டும்தான் பாப்பாங்க. பேரு தெரிஞ்சா கண்ணு கெட்டுடும்." மூலையை மடிக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது.

இந்த முறை அவரைக் குடைந்தது மூன்றாம் கேள்வி. வகுப்பில் இரண்டு நிமிடக் காணொளி ஒன்றைப் போட்டார்கள். பாலர்பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம், ஒரு குழந்தை, ஓர் ஆசிரியை. கண்டதை எழுத வேண்டும். எங்கள் படிப்பில் இது உயிரான பாடம். குழந்தை செய்ததை எழுதலாம், அதன் மனத்தில் இருந்ததாக நாம் நினைப்பதை எழுதக்கூடாது. 'சோகமாக இருந்தது' என்று எழுதினால் ஊகம். ஓரத்தில் சிவப்பில் 'ஊ' என்று ஓர் எழுத்து, ஒரு மதிப்பெண் போச்சு.

"பாருங்க மேடம்." சின்னச் சின்ன உருண்டை எழுத்தில் இருந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். 'பிள்ளை ஆறுதலாகச் சாப்பிட்டது. ஆசிரியை ஆறுதலாகக் கரண்டியை நீட்டினார். பிறகு இருவரும் ஆறுதலாக எழுந்து போனார்கள்.' ஓரத்தில் மூன்று ஊ. கீழே அவர் கையெழுத்தில்: 'குழந்தைக்குத் துயரம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?'

"அந்தப் பிள்ள அழவே இல்ல. எதுக்கு இவ்வளவு ஆறுதல்? மொத்தம் நாப்பத்தேழு. மூணு மார்க்குல போகுது."

ஐம்பது வாங்காதவர்களைப் பாலர்பள்ளிப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். ஆறு மாதம் காத்திருந்து இதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். நான் தாளை வாங்கிப் படித்தேன். நானாக இருந்தாலும் அதே ஊவைத்தான் போட்டிருப்பேன், என்ன, அதற்கு முன் ஒருமணி நேரம் புலம்பியிருப்பேன். கோவிந்தராசு புலம்பவில்லை. ஆனால் மேசை மாறும்போதெல்லாம் அந்தத் தாளை உருவி எடுத்துப் பார்த்தார். மூன்று முறை பார்த்தார், மூன்று முறையும் நாற்பத்தேழுதான்.

மதிப்பெண்களை வெள்ளிக்கிழமை நாலரைக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பெயரையும் மதிப்பெண்ணையும் கணினியில் ஏற்றுகிறவர் மனோரஞ்சிதம். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பேச்சு இன்னும் ஊரை விட்டு வரவில்லை. நாங்கள் மூன்று மணிக்குப் போனோம். அவர் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கோவிந்தராசு நின்றபடியே ஒரே மடக்கில் குடிக்கப் பார்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"ஆறுதலா குடியுங்கோ சேர். நான் நாலரைக்குத்தான் பூட்டுவன்."

"எனக்கு என்னக்கா ஆச்சு, ஆறுதல் சொல்றீங்க?"

"ஆறுதல் சொல்லேல்லை. ஆறுதலா குடியுங்கோ எண்டு சொன்னனான். மெதுவா, அவசரப்படாமல். நாங்கள் அப்பிடித்தான் கதைக்கிறது."

கோவிந்தராசு கையிலிருந்த குவளை பாதி வழியில் நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பிள்ளை மெதுவாகச் சாப்பிட்டது. ஆசிரியை மெதுவாகக் கரண்டியை நீட்டினார். மெதுவாக எழுந்து போனார்கள். காணொளியில் நடந்தது அதுதான், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வகுப்பிலேயே ஒழுங்காகப் பார்த்து எழுதிய ஒருவரைப் பார்த்துத்தான், 'உங்களுக்கு எப்படித் தெரிந்தது' என்று கேட்டு வைத்திருக்கிறார்.

"எங்கட ஆக்கள் ரெண்டு மூண்டு பேர் உங்கட வகுப்பில இருக்கினம். இது அநேகமா..." என்று தொடங்கினார் மனோரஞ்சிதம்.

"பேரு வேணாம்க்கா" என்று கோவிந்தராசு காதைப் பொத்திக்கொண்டார். ஐம்பது வயது மனிதர், அலுவலக நடுவில் இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரைப் பார்த்திருந்தால், யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று தெரிந்து யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார். பார்க்காததால்தான் இந்தத் தப்பு. இப்போது பார்த்தால் அவருடைய முறைக்கே அர்த்தமில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார், நன்றாகவே தெரிந்தது.

அந்த ஒரு தாளை மட்டும் திருத்த அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கு மாற்றினால் எல்லாருக்கும் பார்த்தாக வேண்டும். நாற்பத்திரண்டு தாளிலும் மூன்றாம் கேள்வியை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடினோம். டைமரை எடுத்தார், திருகாமலே பைக்குள் போட்டார். இன்னொரு தாளில் ஒரே இடத்தில் அகப்பட்டது. அதன் அறுபத்தெட்டு அறுபத்தொன்பதானது. நாற்பத்தேழைக் கையில் எடுத்தவர் என் பக்கம் தள்ளினார்.

"நீங்க பாருங்க மேடம். எனக்கு ஆசை வந்துடுச்சு. ஆசை வந்தா கை கூட்டிப் போடும்."

சிவப்பு மையை ஒரு தாளால் மூடிக்கொண்டு நான் படித்தேன். ஐம்பத்திரண்டு என்றேன்.

"அது உங்க கணக்கு. உங்களுக்கு இரக்கம் ஜாஸ்தி. நான் எடுத்தது மூணு, குடுக்குறதும் மூணு." மூன்று ஊவையும் ஒவ்வொன்றாக அடித்தார். தன் கேள்வியையும் அடித்து, பக்கத்தில் 'தவறு என்னுடையது. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்' என்று எழுதினார். ஒரு தாளுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுதாதவர் அவர். இரண்டு சொன்னால் பிள்ளைகள் இரண்டையும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

பிறகு கட்டை மறுபடி கலைத்தார். அந்தத் தாள் எங்கே போனது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மணி நாலு பத்து. மனோரஞ்சிதம் கிளிப்புகளைக் கழற்றி மூலைகளைப் பிரிக்கத் தொடங்கினார். கோவிந்தராசு அவருக்கு முதுகைக் காட்டியபடி சுவரைப் பார்த்து நின்றார். அங்கே தீ விபத்து ஒத்திகை அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படிக்கிறாராம். நாற்பத்திரண்டு பெயரும் ஏறி முடியும்வரை அப்படித்தான் நிற்பார், எந்தத் தேர்வு முடிந்தாலும். வலது குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

மனோரஞ்சிதம் பெயரை மனத்துக்குள்ளும் மதிப்பெண்ணை வாய்விட்டும் படித்துக்கொண்டு போனார். "எழுபத்திமூண்டு. அம்பத்தெட்டு. அறுபத்தொம்பது." நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். "எண்பது. அறுபத்திநாலு."

அடுத்த தாளின் மூலையைப் பிரித்ததும் கொஞ்சம் தாமதித்தார்.

"அம்பது."

குதிகால் தரையில் பதிந்து நின்றது. அறிவிப்பைப் பார்த்தபடி, திரும்பாமல், கோவிந்தராசு அசையாமல் நின்றார்.

"அறுபத்தொண்டு" என்றார் மனோரஞ்சிதம். குதிகால் மறுபடி தட்டத் தொடங்கியது.