அக்கினி நட்சத்திரத்தில் ஒரு தையல் மிஷின்

வீட்டில் ஒரு தையல் மிஷின் இருந்தால் கோடைக்குக் கோடை அது துணியோடு சேர்த்து நம் உயிரையும் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்து எடுக்கும். மிதித்த கால்களுக்கு நான் சொல்லாமலே இது புரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம். வெயில் தாங்காத என் மகளுக்கு மெல்லிய துணியில் இரண்டு கவுன் தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தவள்தான் நான். தெருவே துணியோடு வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்?

முதல் கவுன்

நான் தைத்த முதல் கவுன் ‘வாயில்’ என்கிற மெல்லிய பருத்தித் துணி, நல்ல நீலம். கடையிலிருந்து வந்த வேகத்தில் வெட்டி, மறுநாளே தைத்து முடித்து, ஐந்து வயது விஜயாவுக்குப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எல்லாம் காட்டிவிட்டு வந்தாள். சாயங்காலம் குளிப்பாட்டக் கவுனைக் கழற்றினால், கழுத்து, முதுகு, அக்குள் எல்லாம் கருநீலம். பாம்பு கடித்தால் இப்படித்தான் நீலம் பாரிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஒரு துண்டைச் சுற்றிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரிக்ஷாவில் மஞ்சக்குப்பம் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் "தூங்காதே, தூங்காதே" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனதில் அவள் பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முதுகில் ஒரு இழு இழுத்துப் பஞ்சை என்னிடம் காட்டினார். பஞ்சு நீலமாக இருந்தது. முதுகில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

"கொழந்தைக்கு ஒண்ணும் இல்லம்மா. அடுத்த தடவ துணிய நனைச்சி, சாயம் போவுதான்னு பாத்துட்டு வெட்டுங்க."

பினாங்குத் துணி

கடலூர் பழைய டவுனிலிருந்து ஜைனம்பு தைக்கக் கொடுக்க வருவாள். கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷன் பினாங்கில் கடை வைத்திருந்தார். அவர் அனுப்பிய நைலான் துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு, உடம்பெல்லாம் ரோஜாப் பூ. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அதில் ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கடுதாசி போட்டிருந்தாராம். அதுவரை நான் நைலானைக் கையால் தொட்டதில்லை. ஒரு வாரம் பயந்து பயந்து தைத்தேன்.

ஜைனம்பு வாங்க வந்தபோது, கடைசியாக ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுக்கலாம் என்று கொட்டாங்கச்சிக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்து முதுகுப் பக்கம் வைத்தேன். ஒரு நாற்றம் வந்தது. பெட்டியைத் தூக்கினால் துணியும் கூடவே வந்தது. நடு முதுகில் ஒரு ஓட்டை. அந்த ரோஜாக்கள் பெட்டியின் அடியில் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. கடல் தாண்டி வந்த துணி. இந்த ஊரில் எந்தக் கடையில் போய் அதற்கு ஈடு தேடுவேன்? ஜைனம்பு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கெடக்கட்டும் அக்கா. இந்த வெயில்ல இதப் போட்டா நான் வெந்துடுவேன்னு மச்சானுக்கு எப்படி எழுதறதுன்னு தெரியாம இருந்தேன், இப்ப இஸ்திரிப் பெட்டி மேல பழியப் போட்டுடறேன்."

சிதம்பரத்து மாமா

என் அக்கா வீடு சிதம்பரம். கோடை லீவில் அவள் பிள்ளைகளுக்கும் தைக்க வேண்டும் என்பதற்காகக் கைமிஷின் ஒன்றை இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். அக்கா வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அவர் குரலுக்குத் தெருவே நிமிர்ந்து நிற்கும். "சக்கரத்தைச் சுத்தறது ஒரு வித்தையா? எழுந்திரு, நான் காட்டறேன்" என்று ஒரு நாள் என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். அக்கா கிணற்றடியில் இருந்தாள்.

நாலு சுற்று ஒழுங்காகப் போனது. ஐந்தாவது சுற்றில் சக்கரம் நின்றது. எட்டிப் பார்த்தால், இடது ஆள்காட்டி விரலின் நகத்துக்குள் இறங்கிய ஊசி மறுபக்கம் வெளியே வந்து நிற்கிறது. சக்கரத்தை மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே ஏற்றினேன். அந்த மனிதர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. அப்போதுதான் முதல் தடவையாக அவர் குரல் சன்னமாக வந்து கேட்டேன்.

"மொதல்ல கதவச் சாத்தும்மா, உங்க அக்கா பாத்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

இரண்டு இஞ்ச் மடிப்பு

அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து பலாச்சுளை விற்க ஒரு அம்மாள் வருவார். ஒரு சித்திரையில் கூடைக்குள்ளிருந்து சிவப்புச் சீட்டித் துணியும், முடிச்சுப் போட்ட ஒரு நூலும் எடுத்துக் கொடுத்தார். மகளுக்குப் பாவாடை சட்டை. முதல் முடிச்சு மார்பு, அடுத்தது இடுப்பு, கடைசி முடிச்சு உயரம். ஏழு வயதுப் பிள்ளையின் அளவு. "பிள்ளையக் கூட்டிக்கினு வாங்க, போட்டுப் பாத்துத் தைக்கறேன்" என்றேன். "நூல் அளவு போதும்மா" என்று போய்விட்டார்.

வளர்கிற பிள்ளை ஆயிற்றே என்று பாவாடையின் அடியில் இரண்டு இஞ்ச் உள்மடிப்பு வைத்துத் தைத்தேன். வாங்க வந்த அன்று பெருமையாக மடிப்பைக் காட்டி, அடுத்த வருஷம் இதைப் பிரித்து விட்டால் இன்னும் ஒரு கோடை ஓடும் என்று சொன்னேன். அவர் அந்த மடிப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். முகத்தில் அழுகை எதுவும் இல்லை. அவர் சொன்னதைக் கேட்ட எனக்குத்தான் அன்று முழுக்க மிஷினைத் தொட மனம் வரவில்லை.

"அவ வளர மாட்டாம்மா, அம்மை போட்டுப் போயி மூணு வருசமாச்சி, வருசா வருசம் படையல் வெக்க இந்த அளவுதான்."

நீளக் கை

எதிர் வீட்டுக்கு முந்தின வருஷம் குடிவந்தவள் சரோஜா. அவள் புருஷன் அதிர்ந்து பேசாத மனிதர். குடித்தனம் செய்தால் அந்த மாதிரி ஆளோடு செய்ய வேண்டும் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அக்கினி நட்சத்திரத்தில் எல்லாரும் கையைக் குட்டையாக வை, இன்னும் குட்டையாக வை என்று கேட்கும்போது, இவள் மட்டும் ஜாக்கெட் கை முழங்கைக்குக் கீழே வர வேண்டும் என்றாள். அளவெடுக்கக் கையைத் தூக்கினேன், அவள் பல்லைக் கடித்தாள். முழங்கைக்கு மேலே உட்புறம் வரிசையாக நாலு சூட்டுத் தழும்பு, ஒன்று இன்னும் ஆறவில்லை. "அடுப்புல பட்டுடிச்சி அக்கா" என்றாள். எந்த அடுப்பு அங்கே போய்ச் சுடும்?

அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு நாள் நானும் அப்படித்தான் சும்மா இருந்து, அவள் கேட்ட மூன்று ஜாக்கெட்டுகளையும் தைத்துக் கொடுத்தேன், சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவுக்குச் சிதம்பரத்தில் பாத்திரக் கடை என்று முன்பே சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போய்க் கடையைக் கண்டுபிடித்து, பார்த்ததைச் சொன்னேன். அந்தப் பெரியவர் அப்போதே கடையைப் பூட்டிக்கொண்டு நான் திரும்பிய பஸ்ஸிலேயே வந்தார். பெட்டியோடு மகளை அழைத்துக்கொண்டு போகும்போது அந்த அதிராத மனிதர் வாசலில் நின்று, "இந்த வெயில்ல ஏன் மாமா, சாயங்காலமாப் போலாமே" என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது, இவரையா ஒரு வருஷமாகப் புகழ்ந்தேன் என்று எனக்கு உடம்பு கூசியது.

மறு வருஷக் கோடையில் நான் அக்கா வீட்டுக்கு வந்திருப்பது தெரிந்து சரோஜா தேடிக்கொண்டு வந்தாள். டீச்சர் டிரெய்னிங்கில் சேர்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. கையோடு நான் தைத்த நீளக் கை ஜாக்கெட்டுகள் மூன்றையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எல்லாரும் போடற மாதிரி கைய வெட்டிச் சின்னதாக்கிக் குடுங்க அக்கா, தழும்பு தெரிஞ்சா தெரியட்டும்."

மெல்லிய துணி, போட்டுக்கொள்கிறவர்களின் வேர்வையைத்தான் குறைக்குமே தவிர, தைத்துக் கொடுக்கிறவளின் வேர்வைக்கு எந்தக் கடையிலும் துணி கிடையாது.