நெருப்புக்குத் தெரியாதது

அந்தத் தையல் கம்பெனியில் அவளுக்குப் பெயர் நெருப்பக்கா. வாய் நெருப்பு என்பதால் இல்லை. அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். வருகிற ஒவ்வொரு துணியிலும் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்ப்பாள். உருகிக் கறுப்பு மணியாய் இறுகினால் பிளாஸ்டிக் நூல். காகிதம் எரிகிற வாசனையோடு பொடியாய் உதிர்ந்தால் செடியிலிருந்து வந்தது. சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் சீட்டில் கையெழுத்து. அவள் போட்டால் போட்டதுதான், மறுபேச்சு கிடையாது. பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

ஒருநாள் முதலாளியம்மா, இனிமேல் மண்ணுக்குக் கெடுதல் செய்யாத துணியில் மட்டும்தான் உடை தைப்பது என்று முடிவெடுத்தார். துணியைத் தேர்ந்தெடுப்பது நெருப்பக்காவின் பொறுப்பு.

மேஜையில் மூன்று சாம்பிள். முதலாவது சுத்தமான இயற்கை நூல் என்று எழுதி வந்திருந்தது. கொளுத்தியதும் உருகி வழிந்தது.

“சத்தியம் பண்ணி அனுப்பியிருக்கான் பாருங்க,” என்று கட்டிங் மாஸ்டர் சிரித்தார்.

இரண்டாவது, பூச்சிமருந்து அடிக்காத பருத்தி. விலையைக் கேட்டதும் முதலாளியம்மாவின் முகம் சுருங்கியது. மூன்றாவது மூங்கில் துணி. பூனைக்குட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. கொளுத்தினாள், பொடிச் சாம்பல். கையெழுத்துப் போட்டாள்.

மீந்த இரண்டு மீட்டரைத் தம்பிக்குச் சட்டை தைக்க எடுத்துப்போனாள். வீட்டில் அவளும் அவனும் மட்டும்தான். நூல் ஆலையில் பன்னிரண்டு வருஷம் உழைத்தவன். இப்போது கை நடுக்கம். டம்ளரில் இருப்பதில் பாதிதான் வாய்க்குப் போகும். துணி ஓரத்தில் ஓடிய நீல இழையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அக்கா, இது எங்க ஆலை நூல். இந்த நீல இழைதான் அடையாளம்.”

“போடா, இது மூங்கில்.”

“மூங்கில்தான். அதைக் கூழாக்கி, மருந்துல கரைச்சு, திரும்ப நூலா இழுக்கறது யாருன்னு நினைச்சே? அழுகின முட்டைக்கோஸ் நாத்தம்னு சொல்லுவேனே, அது அந்த மருந்துதான். இந்தக் கை நடுக்கமும் அதாலதான்.”

“நான் எரிச்சுப் பாத்தேன்டா. சாம்பலாச்சு.”

“ஆகத்தான் ஆகும். மருந்தையெல்லாம் கழுவி ஆத்துல விட்டுட்டுதானே அனுப்பறோம். துணியை விட்டுட்டு என்னைக் கொளுத்திப் பாத்திருக்கணும் நீ.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

மறுநாள் காலை முதலாளியம்மாவின் மேஜைமுன் நின்றாள்.

“அந்தச் சீட்டைத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. தப்பாப் போட்டுட்டேன்.”

“ஏன், துணி உருகுச்சா?”

“இல்லம்மா.”

“அப்புறம் என்ன தப்பு?”

தம்பியைப் பற்றிச் சொன்னாள். முதலாளியம்மா கல்நெஞ்சக்காரி இல்லை. நிஜமாகவே கண் கலங்கினார். பிறகு மெதுவாக, “உடையில தொங்கற அட்டையில மூங்கில்னுதானே போடறோம். அதுல பொய் இருக்கா, சொல்லுங்க,” என்றார்.

அத்தனை வருஷமும் இது என்ன துணி என்று மட்டும் கேட்டவள், எப்படித் துணியானது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“அடுத்த லோடுக்கு நான் போட மாட்டேம்மா.”

“உங்க இஷ்டம்.”

கட்டிங் மாஸ்டர் போட்டார். அவள் எதிரிலேயே இழையை உருவினார், கொளுத்தினார், சாம்பலை விரலில் தேய்த்தார். “சரியாப் பண்றேனா அக்கா? எல்லாம் உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்.”

ஏதாவது ஒரு குறை தேடினாள். கிடைக்கவில்லை.

“சரிதான் மாஸ்டர்,” என்றாள்.

மறு வருஷம் தம்பி போய்விட்டான். கம்பெனியே வீட்டுக்குத் திரண்டு வந்தது. அந்த வருஷம் எல்லோருக்கும் மூங்கில் துணியில்தான் சீருடை. ஒவ்வொருத்தியாக அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். முகம் புதைத்த ஒவ்வொரு தோளும் அத்தனை மெத்தென்று இருந்தது.