மஞ்சள் பட்ட வெள்ளைச் சட்டைகள்

புஷ்பவல்லி துணி துவைக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷன் ஊர்த் தமிழர்களில் பாதிப் பேருக்கு வருத்தம். அவருக்காக அல்ல, தங்கள் கௌரவத்துக்காக.

அவர் திருப்பூர்க்காரர். கணவர் திருமூர்த்திக்கு ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. மனைவிக்குக் கிடைத்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. கை கால் திடமான ஒரு பெண்ணை வருஷக்கணக்கில் வீட்டுக்குள் உட்காரவைத்து, ‘சார்ந்திருப்பவர்’ என்று முத்திரையும் குத்திவைக்கிற சட்டம் அது. அதை எழுதியவர்கள் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த இரண்டு அறைகளுக்குள் இருந்து பார்த்திருக்க வேண்டும். 1995இல் கிரீன் கார்டு வந்தது. வந்த மறு வாரமே புஷ்பவல்லி பக்கத்திலிருந்த ஒரு சிறிய கல்லூரியில் வேலை தேடிக்கொண்டார். விளையாட்டு வீரர்களின் சீருடைகளைத் துவைத்து, கிழிசல் தைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் அடுக்கித் தருகிற வேலை.

அடுத்து வந்த பொங்கல் விழா ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. புஷ்பவல்லி பரிமாறிக்கொண்டிருந்தார். வரிசையில் வந்த சுந்தரராமன், நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்.

“ஏம்மா, வீக்கெண்ட்ல எங்க வீட்டு லாண்ட்ரியையும் எடுத்துக்குவியா? டிஸ்கவுண்ட் உண்டா?”

புஷ்பவல்லி அவர் தட்டில் சர்க்கரைப் பொங்கலை வைத்தபடியே சொன்னார்: “அதுக்கென்னங்க, எடுத்துக்கலாமுங்க. ஆனா டீம்ல வெளையாடறவங்க துணி மட்டுந்தானுங்க எடுப்போம். நீங்க எந்த டீமுங்க?”

சுந்தரராமனின் வயிறு எந்த டீமிலும் இடம் கிடைக்காத வயிறு. வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளே எரிந்தது. ஊரில் துணி வெளுக்கிறவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய அதே புத்தி, பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறி, இங்கே வந்து தட்டேந்தி நின்றுகொண்டு கேலி பேசுகிறது. அழுக்குப் பண்ணுகிறவனுக்கு மரியாதை, அதைப் போக்குகிறவருக்கு இளப்பம். உலகத்தில் இதைவிட முட்டாள்தனமான ஏற்பாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தக் கல்லூரியின் நிறம் அரக்கு, அவர்கள் பாஷையில் மெரூன். தொடங்கிய நாளிலிருந்து எல்லா அணிகளுக்கும் அரக்குச் சட்டைதான். அது மரபு, அதில் கைவைக்கக் கூடாது என்று பழைய மாணவர் குழுவின் தலைவர் பிரிட்சர்ட் ஒவ்வொரு விருந்திலும் பேசுவார். ஆனால், முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டு அதற்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த ஆட்டத்தின் ஆண்கள் அணிக்கு மாற்றுச் சீருடையாகக் கறுப்புச் சட்டை வந்தபோது மரபு வாயைத் திறக்கவில்லை. டெலிவிஷனில் எடுப்பாக இருக்கும் என்றார்கள். அவ்வளவுதான்.

பெண்களின் கால்பந்து அணி கதையே வேறு. ஆண்கள் கால்பந்து அணி இரண்டு வருஷம் போட்டுக் கழித்த சட்டைகள்தான் அவர்களுக்கு. தோள் முழங்கைக்கு இறங்கும். ஓடும்போது கை மடிப்பு அவிழும். இடுப்பில் ஊக்குக் குத்திக்கொண்டு ஆடுவார்கள்.

புஷ்பவல்லியின் அப்பா திருப்பூரில் ஏற்றுமதியில் தள்ளுபடியான பனியன்களை வாங்கி விற்றவர். அந்தச் சரக்குக்கு அங்கே ‘செகண்ட்ஸ்’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே புஷ்பவல்லி எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்: “அந்தப் புள்ளைங்களுக்கு செகண்ட்ஸைக் குடுத்து ஆடச் சொல்றாங்கண்ணா. தள்ளுபடிச் சரக்கை நாங்க வெலை கொறைச்சுத்தான் விப்போம். இவங்க என்னடான்னா மரபுங்கறாங்க.”

அணித் தலைவி மெகன், நெடுநெடுவென்று வளர்ந்த பெண். துணி வாங்க வரும்போதெல்லாம் புஷ்பவல்லியின் மேசை ஓரத்தில் உட்கார்ந்து அவர் தரும் முறுக்கைக் கடிப்பாள். அவளும் தோழிகளும் கோடை முழுக்கக் கார் கழுவி, கேக் விற்று, தங்கள் அளவுக்கு வெள்ளைச் சட்டைகள் தைக்கக் கொடுத்தார்கள். ஓரத்தில் மெல்லிய அரக்குக் கோடு. 1997 அக்டோபர். பழைய மாணவர்கள் திரண்டு வரும் ஹோம்கமிங் வாரம். பிரிட்சர்ட் குழு பெரிய மனசு பண்ணி ஒரு நிபந்தனை போட்டது. சனிக்கிழமை ஆட்டத்தில் எல்லார் முன்னாலும் வெள்ளையைப் போட்டு ஆடலாம், பார்த்துவிட்டு முடிவு சொல்வோம். அன்று போடவில்லையென்றால் பேச்சு முடிந்தது, மறுபடி பழைய அரக்குதான்.

வியாழக்கிழமை சட்டைகள் வந்தன. புஷ்பவல்லி பெட்டியைப் பிரித்தார். அந்தக் கல்லூரியில் அந்தப் பெண்களுக்கென்று வந்த முதல் புதுத்துணி. நம் வீடுகளில் புதுத்துணிக்கு என்ன செய்வார்கள்? மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைப்பார்கள். ஆண்களுக்குக் கறுப்புச் சட்டை வந்தபோது அவருக்கு அது தோன்றக்கூட இல்லை. இந்த முறை தோன்றியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சின்ன டப்பாவில் மஞ்சள் குழைத்து எடுத்துவந்தார். ஒவ்வொரு சட்டையிலும் கீழ் விளிம்பின் உள்பக்கம், கண்ணில் படாத இடமாகப் பார்த்து, ஒரு பொட்டு வைத்தார்.

அது அவரோடு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை சீருடைப் பிரிவின் மேலாளர் ஃபிராங்க், நல்ல மனுஷன், புதுத்துணியின் மருந்து வாடை போகட்டும் என்று எல்லாவற்றையும் அள்ளி மெஷினில் போட்டார். ஃபுட்பால் சேற்றுக்கென்று வைத்திருந்த காரமான சோப்புத் தூளும் கொதிக்கிற தண்ணீரும். மஞ்சளில் காரம் பட்டால் என்ன நிறம் வரும் என்று, ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்கும் நமக்குத் தெரியும். பாவம், ஃபிராங்குக்குத் தெரியாது.

புஷ்பவல்லி வேலைக்கு வந்தபோது அவர் மெஷினுக்கு முன்னால் முகம் வெளிறி நின்றார்.

“இது இரத்தமா?”

வெள்ளைச் சட்டை ஒவ்வொன்றிலும் சிவப்புத் திட்டு. மடிப்பில் ஒன்றோடொன்று ஒட்டி, நெஞ்சிலும் முதுகிலும் பரவியிருந்தது.

“அய்யோ சாமி! பிளட் இல்லீங்க. டர்மரிக். நான்தான். மை மிஸ்டேக்.”

செய்தி பிரிட்சர்ட்டுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அவர் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. திருப்தியாக இருந்தார். “இதனால்தான் நம் முன்னோர்கள் அரக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அரக்கு எதையும் தாங்கும். நாளைக்குப் பழைய சட்டையே போடட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். மெகன் அழவில்லை. “எப்படியும் நமக்குத் தரமாட்டார்கள், புஷ்பா. உன் மேல் தப்பில்லை,” என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த ‘எப்படியும்’தான் நெஞ்சில் குத்தியது என்று புஷ்பவல்லி பிறகு என்னிடம் சொன்னார். இருபது வயதில் ஒரு பெண் அந்தச் சொல்லைப் பழகிக்கொள்ளக் கூடாது.

எனக்கு ஆபீசுக்கு போன் வந்தது.

“அண்ணா, ஒரு ஒதவி. கடையில இருக்கற எலுமிச்சம்பழம் பூரா வாங்கிட்டு காலேஜுக்கு வாங்க. ஏன்னு கேக்காதீங்க, மொதல்ல வாங்க.”

எடிசன் நகரத்து இந்தியக் கடையில் கூடையோடு வாங்கிக்கொண்டு போனேன். புளிப்புப் பட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். மஞ்சளை வெயில் தின்றுவிடும். வெயிலில் காயப்போட்ட மஞ்சள் கறை வெளுப்பதை எந்த வீட்டுக் கொடியிலும் பார்க்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்தக் கல்லூரி வளாகத்தில் துணியை வெளியே காயப்போடக் கூடாது என்று விதி. எங்கள் குடியிருப்பிலும் அதே விதிதான். வெயிலை நம்பி வாழ்கிறவன் ஏழை, அது பார்வைக்கு அசிங்கம் என்பது இந்த நாட்டின் எழுதாத வேதங்களில் ஒன்று.

பயிற்சி மைதானத்துக்குப் போனபோது சாறு பிழிந்து ஊறவைத்த சட்டைகள் கோல் வலை முழுக்கத் தொங்கின. அது சக்கரம் வைத்த கோல் கம்பம். அக்டோபர் வெயில், சாய்ந்த வெயில். மரங்களின் நிழல் நகர நகர, மெகனும் மற்றப் பெண்களும் கம்பத்தைப் பிடித்து வெயிலுக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். வகுப்பு முடிந்தவர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். வகுப்புக்குப் போக வேண்டியவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். புஷ்பவல்லி கூடவே நடந்து, ஒவ்வொரு சட்டையாகத் திருப்பிப் போட்டார்.

பிரிட்சர்ட் மறுபடி வந்தார். கூட விருந்தினர் நாலைந்து பேர்.

“இதை உடனே இறக்குங்கள். இது கல்லூரி, ஒண்டுக்குடித்தனம் இல்லை. இங்கே ஒரு மரபு இருக்கிறது.”

புஷ்பவல்லி கையைப் புடவையில்—வேலைக்கும் அவர் புடவைதான், மேலே கல்லூரியின் அரக்கு ஸ்வெட்டர்—துடைத்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், குரல் உயர்த்தாமல் சொன்னார்:

“சார், சன் வெரி ஓல்ட். ஓல்டர் தேன் மெரூன்.”

விருந்தினர்களில் ஒரு அம்மா பக்கென்று சிரித்துவிட்டார். பிரிட்சர்ட் “நாளைக்குப் பார்க்கலாம்,” என்று திரும்பினார். பெண்கள் கம்பத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள்.

சனிக்கிழமை காலையும் வெயில் இருந்தது. நான் கடவுளுக்கு நன்றி சொல்வதில்லை. ஆனால் அன்று மேகம் வராததற்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது என்பதை மறைக்கவில்லை. மதியம் சட்டைகளை எடுத்தபோது நெஞ்சும் முதுகும் வெள்ளை. விளிம்பில் மட்டும் லேசான எலுமிச்சை நிறம். அது கால்சட்டைக்குள் போய்விட்டது.

பெண்கள் வெள்ளையில் இறங்கினார்கள். இடுப்பில் ஊக்கு இல்லை. கையை மடித்துவிட வேண்டியதில்லை. ஆட்டம் சமமாக முடிந்தது. மஞ்சள்தான் காப்பாற்றியது என்று பெண்களே பேசிக்கொண்டார்கள். மஞ்சளுக்குச் சக்தி இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள். காப்பாற்றியது கோல் காத்த பெண்ணின் கைகள்.

குழு கூடி வெள்ளையை அனுமதித்தது. மனம் திருந்தி அல்ல. ஆண்களுக்குக் கறுப்பு கொடுத்துவிட்டுப் பெண்களுக்கு வெள்ளை மறுத்தால், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகச் செய்யச் சொல்லும் சட்டத்தின்படி வழக்கு வரலாம் என்பதைக் குழுவிலிருந்த ஒரு வழக்கறிஞர் நினைவூட்டினார். நியாயம் பாதி மனசாட்சியால் வருகிறது, மீதி வழக்குக்குப் பயந்து வருகிறது. எப்படி வந்தாலும் சரி. அந்தச் சட்டத்தைப் போராடி வாங்கித் தந்த, பெயர் தெரியாத பெண்களுக்கு நான் கடன்பட்டவன். அடுத்த ஆண்டிலிருந்து கல்லூரிச் செலவிலேயே பெண்களின் அளவுக்குச் சட்டை வந்தது, வெள்ளையும் அரக்கும். ஃபிராங்க், சலவைத் தவறு தன்னுடையது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார். புஷ்பவல்லி எத்தனை மறுத்தும் மாற்றிச் சொல்லவில்லை. அவருக்கும் நன்றி.

இரண்டாயிரத்தில் என் மகள் ஓவியா அதே கல்லூரியில், அதே அணியில் சேர்ந்தாள். முதல் நாள் சட்டையோடு வந்தாள். விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டு மஞ்சள்.

“என்னம்மா இது?”

“இட்ஸ் டிரடிஷன், டாட். எவ்ரிபடி கெட்ஸ் எ பொட்டு.”

மூன்று வருஷத்து மரபு! புஷ்பவல்லியிடமே போய்க் கேட்டேன்.

“நூலுக்கும் மஞ்சளுக்கும் என்னம்மா சம்பந்தம்? பட்டது போதாதா?”

“உங்களுக்கு நம்பிக்கை வேண்டாங்கண்ணா. கறைன்னு நெனைச்சுக்குங்க. நானா வெக்கறேன்? அந்தப் புள்ளைங்கதான் வரிசைல நின்னு கேக்குதுங்க. இப்பல்லாம் அந்தச் சட்டைகளைப் பச்சைத் தண்ணில தனியாத்தான் அலசறது. மெஷின்கிட்ட ஃபிராங்கை விடறதே இல்லீங்க.”

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தை நானும் என் மனைவியும் பார்த்தோம். ஓவியா பந்தை எறியக் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். தோள் தையல் தோளிலேயே நின்றது. எனக்குக் கால்பந்து அவ்வளவாகப் புரியாது. அந்தத் தையலைத்தான் ஆட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும், அழுக்குச் சட்டைகளைக் கூடையில் வாங்கிக்கொண்டிருந்த புஷ்பவல்லியிடம் போனேன். ரொம்ப நன்றிம்மா என்றேன். அவர் கூடையிலிருந்து நிமிரவில்லை.

“நன்றியெல்லாம் எதுக்குங்கண்ணா? சட்டை அளவா இருந்துச்சா?”

“இருந்ததும்மா.”

“அப்பச் சரி,” என்று ஓவியாவின் சட்டையை வாங்கி, விளிம்பை உள்பக்கமாக மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டார்.