மோட்சத்தில் அரைப்பேர்

நேற்று மத்தியானம் கரண்டு போனது. திருச்சியில் சித்திரை மாதத்தில் கரண்டு போனால் யார் வாயிலும் நல்ல வார்த்தை வராது. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. மருமகள் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்ததும் அதை ஊதி அணைத்தாள். அவ்வளவுதான். திரி கருகிய வாசனை கூடத்துக்கு வந்தது, வேர்வை வழிந்துகொண்டிருந்த என் முதுகில் சில்லென்று பனி இறங்கியது. "ஏன் அத்தை சிரிக்கிறீங்க?" என்றாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? இலங்கை மலையில், ராகலைப் பக்கத்துப் பனியைத் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு விளக்கினால் கிழவிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்பாள். உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குப் பொறுமை உண்டு.

அந்தக் காலத்து மெழுகுவர்த்திக்கு வாசனை கொஞ்சம் கூடுதல். ராகலையில் காசிம் நானா கடையில்தான் வாங்குவோம். நானா ஒரே தட்டில் எல்லாவற்றையும் அடுக்கிவைத்திருப்பார். மாரியம்மன் கோயிலுக்குக் கற்பூரம், எங்களுக்கு மெழுகுவர்த்தி, அவருக்கு ஊதுபத்தி, எல்லாருக்கும் பொதுவாகத் துணி துவைக்கிற சவுக்காரம். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மெழுகுவர்த்தியில் கற்பூரம் மணக்கும். என் வீட்டுக்காரருக்கு அது ஆகாது. "இத வேற தட்டுல வையுங்களேன் நானா" என்பார். "வச்சிட்டாப் போச்சு" என்பார் நானா. கடைசிவரை வைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்து உபதேசியார். நாங்கள் ஐயர் என்று சொல்லும் குருவானவர் நுவரெலியாவிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயில் கூட்டுவது, மணி அடிப்பது, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் ஜெபம் பண்ணுவது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் இவர்தான். நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை, பொய் சொல்ல வராது. ரசம் நன்றாக இல்லையென்றால் இல்லையென்றே சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் நான் அடுப்படியில் அழுததெல்லாம் அவருடைய உண்மையால்தான், புகையால் அல்ல.

நான் பிறவியில் வேதக்காரி இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, என்னை வளர்த்தது கருப்பையா அண்ணன். அண்ணன் கவ்வாத்து வெட்டுகிறவர். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை அடியோடு ஒட்ட வெட்டிவிடுவது. வெட்டிய மலையைப் பார்த்தால் ஐயோ என்றிருக்கும், கொஞ்ச நாளில் தளிர்த்துக்கொண்டு நிற்கும். அந்த வேலை தொடங்கும் நாளில் அண்ணன் மலையில் ஒரு கல்லை நட்டு, கவ்வாத்துச் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார். உபதேசியார் என்னைக் கேட்டு ஆள் அனுப்பியபோது அண்ணன் ரொம்ப யோசிக்கவில்லை. "மாப்பிள்ளை குடிக்க மாட்டாராம். அது போதும். சாமிங்க அவங்களுக்குள்ள பேசிக்கிருவாங்க" என்றார். நான் ஞானஸ்நானம் எடுத்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து அழுதவரும் அவரே.

கிறிஸ்மஸுக்கு அண்ணன் வாழைப்பழச் சீப்போடு வருவார். பாட்டு என்றால் உயிர். ராகம் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். கோயிலில் எங்கள் ஆட்கள் எல்லாரையும் விட அவர் சத்தம்தான் மேலே கேட்கும். அந்தக் குரலுக்காகவாவது அவரை உள்ளே சேர்த்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். "எப்ப மச்சான் ஞானஸ்நானம்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "எடுத்துருவோம் மச்சான். தலையில தண்ணி ஊத்துற காரியம். இந்தக் குளிர்ல வேணாம். நல்ல வெயில் காலமாப் பாத்து வைங்க" என்பார் அண்ணன். எங்கள் பக்கத்தில் வெயில் காலம் என்பது எப்போது வந்து எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

அதற்குள் அண்ணன் போய்விட்டார். மழையில் நனைந்து வந்து காய்ச்சலில் படுத்தார். நெஞ்சில் சளி கட்டியது. டிஸ்பென்சரி மருந்து கேட்கவில்லை. தப்பு மேளம் அடித்து, தோட்டமே கூடித் தூக்கிக்கொண்டு போனோம்.

எங்கள் புதைகாடு ஒரே சரிவு. நடுவில் ஒரு வரிசைத் தேயிலை. யாரும் கொழுந்து பறிக்காமல் விட்டதால் ஆளுயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து, வெள்ளைப் பூவெல்லாம் பூத்து நிற்கும். அந்த வரிசைக்கு இந்தப் பக்கம் வேதக்காரர்கள், சிலுவை நட்டிருக்கும். அந்தப் பக்கம் மற்றவர்கள், வெறும் மண்மேடு. அண்ணனை அந்தப் பக்கம் வைத்தார்கள். நான் துரை பங்களாத் தோட்டக்காரரிடம் கெஞ்சி ஒரு வெள்ளை ரோஜாக் கொம்பு வாங்கி அவர் தலைமாட்டில் நட்டேன். அது என்ன கோபத்திலோ கிடுகிடுவென்று பிடித்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன், "ஏங்க, எங்கண்ணன் இப்ப எங்க இருக்காரு?"

வேறு ஆம்பளையாக இருந்தால் நல்ல இடத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருப்பான். இவர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "நீ கேட்டா நான் பொய் சொல்லக் கூடாது. விசுவசிச்சு ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குத்தான்னு எழுதியிருக்கு. அத மாத்துறதுக்கு நான் யாரு?" என்றார். கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"அப்படின்னா நானும் அங்கயே போயிக்கிறேன். அவருக்கு ஒரு வாய் சோறு போட ஆளு வேணும்ல" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. அந்த மாதம் ஐயர் வந்து திருவிருந்து கொடுத்தபோது எல்லாரும் எழுந்து போனார்கள், நான் பெஞ்சை விட்டு அசையவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. அண்ணனை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடுவதா? தொண்டையில் இறங்காது என்று தோன்றியது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு சட்டென்று நிற்கும். உபதேசியார் சம்சாரத்துக்கே நம்பிக்கை இல்லையாம், அவரை இங்கே வைத்திருப்பது சரியில்லை என்று கோயில் மூப்பர் நுவரெலியா வரைக்கும் சொல்லிவிட்டார். இவர் என்னை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஐயர் வந்தார். வயசானவர், கம்பளிச் சால்வையும் குடையுமாக, மலை ஏறி வந்த மூச்சு அடங்கவே நேரமாகும். ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தேன். நான் அடுப்படிக்குத் திரும்பியதும் ஆரம்பித்தார்கள். பலகைச் சுவர்தானே, எல்லாம் கேட்டது.

"எல்லாரும் போய்ச் சேந்துருவாங்கன்னா நான் எதுக்கு ஐயரே அட்டைக்கடியில லயம் லயமா நடக்குறேன்? வீட்லயே படுத்துக் கெடக்கலாமே" என்றார் இவர்.

"எல்லாரும் சேந்துருவாங்கன்னு நான் சொல்லல தம்பி. சேரணும்னு ஆசப்படுறது தப்பான்னு கேக்குறேன். ஆண்டவருக்கே அந்த ஆச இருக்குதே."

"ஆச வேற, தீர்ப்பு வேற. செம்மறியாடு இந்தப் பக்கம், வெள்ளாடு அந்தப் பக்கம்னு அவருதானே பிரிச்சாரு?"

"காணாமப் போன ஆட்டத் தேடிப் போனவரும் அவருதான். கெடைக்கிற வரைக்கும் தேடுனாருன்னு இருக்கு. இருட்டுனதும் வீட்டுக்குத் திரும்பிட்டாருன்னு இல்ல."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்தால் முழுப்பேர். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்திப் போனாலோ, கொழுந்து எடை குறைந்தாலோ அரைப்பேர், பாதிச் சம்பளம். அரைப்பேர் வாங்கிக்கொண்டு வருகிற நாளில் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த ஞாபகத்தில் கரண்டியோடு வாசற்படியில் போய் நின்றேன். "ஐயரே, முழுப்பேர் வேணாம். எங்கண்ணனுக்கு மோட்சத்துல ஒரு அரைப்பேராவது போடுவாங்களா?"

ஐயருக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. சிரித்தார், இருமினார், சால்வையால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "திராட்சத் தோட்டத்துக்குப் பொழுது சாயுற நேரத்துல வந்தவனுக்கும் முழுப்பேர் போட்ட தொரை அவரு. அவருகிட்ட அரைப்பேருன்னு ஒண்ணு இருக்கறதா நான் படிக்கலம்மா" என்றார்.

எனக்கு நெஞ்சு லேசானது. ஆனால் இவர் விடவில்லை. "அவங்க பிந்தியாவது வந்தாங்க ஐயரே. மச்சான் வரவே இல்லையே" என்றார். வாதத்துக்காகச் சொன்ன மாதிரி இல்லை; அவருக்கும் அண்ணன் வேண்டியிருந்தது. ஐயர் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஈஸ்டர் வந்தது. எங்கள் வழக்கம் என்னவென்றால், ஞாயிறு விடியற்காலையில் பாடிக்கொண்டே புதைகாட்டுக்குப் போவோம். அதற்கு முன்னமே உபதேசியார் போய்ச் சிலுவைக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, கல்லறைக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்க வேண்டும். அந்த வருஷம் சனிக்கிழமை பிடித்த மழை அப்படி ஒரு மழை. சரிவில் தண்ணீர் ஆறாக ஓடி, மரச்சிலுவைகளைப் பிடுங்கிக் கீழே தண்ணீர் ஓடும் கானில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. விடியும் முன்னே இவர் சாக்குப்பையோடு தனியாகக் கிளம்பிப் போனார். பை நிறையக் காலி டின்பால் டப்பாக்கள். காற்றில் அணையாமல் மெழுகுவர்த்தியை அதற்குள் வைப்போம்.

பிறகு நாங்கள் போனோம். மழை விட்டு, பனி இறங்கியிருந்தது. முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது; பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். வளைவு திரும்பியதும் பாட்டு தானாக நின்றுபோனது. மேடு தெரியவில்லை, மரம் தெரியவில்லை, பனிக்குள் மஞ்சள் மஞ்சளாக வெளிச்சம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. சரிவு முழுக்க. எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. எங்களுக்கு அவ்வளவு கல்லறை கிடையாதே என்று நினைத்தேன். கால் தானாக நடந்தது. ஈரத் தேயிலை இலை முகத்தில் உரசியது. அந்த வரிசையைத் தாண்டிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயும் வெளிச்சம். ஒவ்வொரு மண்மேட்டிலும் ஒரு டப்பா, ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு மெழுகுவர்த்தி. அடுத்த லயத்து அக்கா ஒருத்தி, நெற்றியில் திருநீறு, தன் பிள்ளையைப் புதைத்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெள்ளை ரோஜாவின் அடியிலும் ஒன்று எரிந்தது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கற்பூர வாசனை வந்தது.

மூப்பர் சத்தம் கேட்டது. "என்ன உபதேசியாரே, அந்தப் பக்கமும் வச்சிருக்கீங்க?"

"நேத்து மழையில சிலுவையெல்லாம் அடிச்சிட்டுப் போயிருச்சு. இந்தப் பனியில எது யாருதுன்னு தெரியல. நம்ம ஆளு யாரும் விட்டுப்போகக் கூடாதேன்னு எல்லாத்துலயும் வச்சிட்டேன்" என்றார் இவர். என் பக்கம் திரும்பவில்லை.

ஆளுயரத் தேயிலை வரிசை தெரியவில்லையாம். ரோஜாச் செடி தெரியவில்லையாம். அன்றைக்குக் காலை பஸ்ஸில் ஐயர் வந்து திருவிருந்து கொடுத்தபோது எழுந்து போய் முழங்கால் போட்டுக் கையை நீட்டினேன்.

சில நாள் கழித்துக் காசிம் நானா கடைக்குச் சவுக்காரம் வாங்கப் போனேன். தட்டில் மெழுகுவர்த்தி இருந்த இடம் காலி. "என்ன தங்கச்சி, அவ்வளவும் எரிஞ்சு முடிஞ்சுதா? உபதேசியார் வியாழக்கிழமை வந்து தட்டையே தொடச்சு எடுத்துட்டுப் போனாரே" என்றார் நானா.

மழை வந்தது சனிக்கிழமை. வியாழக்கிழமை எங்கள் மலையில் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. சுள்ளென்று வெயில், நான் கம்பளியெல்லாம் காயப்போட்டிருந்தேன். அண்ணன் கேட்ட மாதிரி நல்ல வெயில்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. ரசம் வைத்தேன். "உப்புக் கம்மி" என்றார். சரி என்றேன்.

அடுத்த ஞாயிறும் அவர் இடுக்கமான வாசலைப் பற்றித்தான் பிரசங்கம் பண்ணினார், தப்பாக நினைக்காதீர்கள். அவர் மாறினது வேறொரு நாளில். ஏற்கெனவே ஓட்டுரிமை இல்லாமல் இருந்த எங்களை, இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். முதல் லொறி கிளம்பியபோது இவர் கோயில் வாசலில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு செம்மறியாடு, வெள்ளாடு என்று அவர் பிரசங்கத்தில் வரவே இல்லை.

நாங்களும் வந்துவிட்டோம். அண்மையில் அங்கே போய் வந்த ஒருவர் சொன்னார், புதைகாடு இல்லை, உருளைக்கிழங்குப் பாத்தி போட்டிருக்கிறார்களாம். நடுவில் நின்ற தேயிலை வரிசையும் இல்லை, ரோஜாவும் இல்லை. நானா கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்களாம். ஐயர் எப்போதோ போய்விட்டார். என் வீட்டுக்காரரும் போய்விட்டார்; இங்கே திருச்சியில், மதில் கட்டிய கல்லறைத் தோட்டத்தில், ஒரு மரத்து நிழல்கூட இல்லாமல் கிடக்கிறார்.

ஆயுசில் அந்த மனுஷர் சொன்னது அந்த ஒரே பொய்தான். அவர் குணத்துக்கு, மேலே போனதும் அதை முதலில் தானே ஒப்புக்கொண்டு, உள்ளே நுழையாமல் வாசலில் ஓரமாக நின்றிருப்பார். உள்ளே ராகம் தப்பிய ஒரு குரல் பாடிக்கொண்டிருந்திருக்கும். பாட்டை நிறுத்திவிட்டு எங்கண்ணன்தான் வெளியே வந்து கையைப் பிடித்து இழுத்திருப்பார். "வாங்க மச்சான், ஏன் அங்கயே நிக்கிறீங்க? இங்க நல்ல வெயிலுதான்."